ஓட்டை பிடிக்காத லிங்யூ அக்கா

சில்லை முதலில் மூக்கருகே கொண்டுபோகிறார். பிறகு காதருகே வைத்து நகத்தால் ஒரு தட்டு. அதற்கப்புறம்தான் கண். மேசையில் பரப்பிக் கிடக்கும் பானைச் சில்லுக் குவியலுக்குள் இன்னொன்றைப் பார்த்துவிட்டு, "அங்கயா உக்காந்திருக்க? காலையிலேர்ந்து கூப்பிடறேன், காது கேக்கலயா?" என்று அதட்டுகிறார். இரண்டையும் விளிம்போடு விளிம்பு சேர்த்து லேசாக அசைக்கிறார். பொருந்திவிட்டால் ஒரு சின்னச் சத்தம் வரும், பல்லோடு பல் உட்காருகிற மாதிரி. அது வந்ததும் லிங்யூ அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டும். தன் செலவில் ஒரு கல்யாணத்தை நடத்தி முடித்தவரின் களை அதில் இருக்கும்.

"கோட்டுக்காரா, பாத்தியா?" என்பார் என்னிடம்.

பார்க்காவிட்டாலும் பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். இல்லையென்றால் எழுந்து வந்து என் வரைபலகையின் மேலேயே வைத்துக் காட்டுவார். காயாத மை பாழாகும்.

ஷாங் லிங்யூ எங்கள் அகழாய்வு நிலையத்தில் பானை ஒட்டுகிறவர். மஞ்சளாற்றுக்குத் தெற்கே, ஹெனான் மாநிலத்தின் மேற்கு மூலையில் இருக்கும் எங்கள் வட்டாரத்தில் எங்கே கடப்பாரை போட்டாலும் பழம்பானை தட்டுப்படும். ரோடு போட்டால் வரும், பள்ளிக்கூடத்துக்கு அஸ்திவாரம் தோண்டினால் வரும், பன்றிக்கு என்று தொட்டி வெட்டினாலும் வரும். வருவதெல்லாம் உடைந்துதான் வரும். அதை முழுசாக்குவது அக்கா. முழுசானதை அளந்து கோடு போட்டுப் படம் வரைவது நான். அதனால்தான் எனக்குக் கோட்டுக்காரன் என்று பெயர். என் தலை கறுப்பாக இருந்த காலத்திலிருந்து நாங்கள் எதிரெதிர் மேசை.

அறுபதை எட்டிப் பார்க்கும் வயது அவருக்கு. குட்டையான உருவம், அகலமான கை. நீலக் கோட்டின் கழுத்துப்பட்டியில் நூல் கோத்த ஊசி ஒன்று எப்போதும் குத்தியிருக்கும். அது அலங்காரத்துக்கு இல்லை. லிங்யூ அக்காவுக்கு உலகத்தில் ஆகாத பொருள் ஒன்று உண்டென்றால் அது ஓட்டை. கிழிசல், பொத்தல், விரிசல், சந்து எல்லாமே அவர் கணக்கில் ஓட்டைதான். நிலையத்துக்கு வருகிற தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு உடனே திரும்ப முடியாது. "முழங்கையில என்ன அது ஜன்னல்? உங்க வீட்டம்மா ஊர்ல இல்லயா?" என்று கேட்டபடி ஊசியை உருவிவிடுவார். ஆள் கோட்டைக் கழற்றாமலேயே தைத்து, நூலைப் பல்லால் கடித்துத் துண்டிப்பார். என் குடை, நிலையத் தலைவர் பெய்யின் பல் துலக்கும் குவளை, கழிப்பறைக் கதவின் அடிச் சந்து, எதையும் விட்டுவைத்ததில்லை. கழிப்பறைச் சந்தை அவர் அடைத்த பிறகு உள்ளே காற்று இல்லாமல் நாங்கள் பட்ட பாடு தனிக் கதை.

மதியம் நூடுல்ஸ். கூடவே பச்சைப் பூண்டு, ஒவ்வொரு வாய்க்கும் ஒரு பல். அதனால் பிற்பகலில் அவரிடம் ஆலோசனை கேட்க வருகிறவர்கள் சற்றுத் தள்ளியே நிற்பார்கள். "தள்ளி நின்னா எப்படித் தெரியும்? கிட்ட வாங்க" என்பார். வேண்டுமென்றேதான் சொல்கிறார் என்பது என் அபிப்பிராயம்.

இந்த வேலைக்கு அவர் வந்தது சண்டை போட. அவர் கணவரின் மக்காச்சோளக் கொல்லை ஓரம் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். கதிரை மிதித்துவிட்டார்கள் என்று துடைப்பத்தோடு வந்து நின்றார். வந்த இடத்தில் நாலைந்து பேர் குந்தி உட்கார்ந்து சில்லுகளைப் பிரஷ்ஷால் கழுவிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். பொறுக்கவில்லை. "பல்லு விளக்கறீங்களா, பானை கழுவறீங்களா?" என்று கேட்டு ஒருவர் கையிலிருந்த பிரஷ்ஷைப் பிடுங்கிக் கழுவிக் காட்டினார். கதிர் மறந்துவிட்டது. மறுநாளும் வந்தார். யாரும் வரச் சொல்லவில்லை, யாருக்கும் போகச் சொல்லத் தைரியமும் இல்லை. கழுவியவர் ஒட்டப் பழகினார்.

அடக்கம் என்பது அவருக்கு ஒத்துவராத சரக்கு. "என் கை பட்டா, தான் உடைஞ்சதே பானைக்கு மறந்துடும்" என்று வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் சொல்வார். சொல்வதில் முக்கால்வாசி உண்மை. மீதிக் கால்வாசிக்கும் அவர் விட்டுக்கொடுக்க மாட்டார். ஒட்டிய பானை கோணலாக நின்றால் தப்பு அவருடையது ஆகாது. ஆறாயிரம் வருடத்துக்கு முன்னால் அதை வனைந்தவருடையது. "அன்னைக்கு அவனுக்கு வீட்டுல சண்டை. கை நடுங்கியிருக்கு பாரு." அடுத்த பானையும் அதே பக்கம் சாய்ந்தால், "சண்டை தீரல போலருக்கு" என்பார், முகம் மாறாமல்.

பெய் தலைவருக்கும் அவருக்கும் நிரந்தரமான வழக்கு ஒன்று உண்டு. பானையில் கிடைக்காமல் போன பகுதியைச் சுண்ணச் சாந்தால் நிரப்புவோம். அப்படி நிரப்பிய இடம் தள்ளி நின்றால் உறுத்தக் கூடாது, கிட்டே வந்து பார்த்தால் புதுசு என்று தெரிய வேண்டும். அதற்காகச் சாந்தின் நிறத்தை ஒரு சாயல் வெளுப்பாக விடுவது எங்கள் தொழிலில் விதி. அக்கா சாந்தில் செங்காவியைக் கலப்பார், அடுப்புக் கரியைக் கலப்பார், ஆறிப்போன தேநீரைக்கூட ஊற்றுவார். கடைசியில் பார்த்தால் பழசு எது புதுசு எது என்று பானையை வனைந்தவரே வந்தாலும் திணறுவார். நானே படம் வரையும்போது நகத்தால் தட்டிச் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறேன்.

"விதின்னு ஒண்ணு இருக்கு அக்கா" என்பார் பெய், பிளாஸ்க்கிலிருந்து வெந்நீர் ஊற்றிக்கொண்டே.

"உங்க வீட்டுப் பொண்ணை ஒட்டுப் போட்ட சட்டையோட கல்யாண வீட்டுக்கு அனுப்புவீங்களா?"

"இது பானை."

"அதைத்தான் நானும் சொல்றேன். பாவம், வாயில்லாத ஜீவன்."

பெய் நல்ல மனிதர். ஓய்வுக்குச் சில வருடங்களே இருக்கிற, வம்பு வேண்டாம் என்கிற நல்ல மனிதர். பிளாஸ்க்கை மூடிக்கொண்டு போய்விடுவார்.

சென்ற வசந்தத்தில் புது நெடுஞ்சாலைக்காக மண் தள்ளியபோது பழைய குடியிருப்பு ஒன்று வெளியே வந்தது. சாலைக்காரர்கள் கொடுத்த கெடுவுக்குள் தோண்டி முடிக்க வேண்டிய அவசர வேலை. அதை நடத்தியவர் ரான் யீசின். சியானில் படித்துவிட்டு வந்த பெண், முப்பதைத் தாண்டியிருக்காது, வெயிலில் கறுத்து மூக்கு உரிந்திருக்கும். அவர் குழியிலேயே கிடந்தார். தோண்டத் தோண்டச் சில்லு மூட்டைகள் மட்டும் எங்களுக்கு வந்துகொண்டிருந்தன. எங்கே எப்படிக் கிடைத்தது என்கிற விவரம் பிறகு வரும், ஆள் வரும்போது.

அந்த மூட்டைகளில் ஒன்றில் இருந்ததுதான் கிண்ணம். சிவந்த மண், வழவழப்பான தேய்ப்பு, வெளிப்புறம் சுற்றிலும் கறுப்பு மையில் இதழ் இதழாகப் பூ. அரை விரல் கனம்கூட இல்லாத சுவர். இப்படி ஒன்று கிடைப்பது அரிது. அக்கா மணல் தட்டில் சில்லுகளை ஒவ்வொன்றாக நிறுத்தி, பசை காயக் காயக் காத்திருந்து, வேறு எதையும் தொடாமல் அதையே கட்டிக்கொண்டு அழுதார். எல்லாச் சில்லுகளும் கிடைத்துவிட்டன. அடிப்பாகத்தின் நடுவில் மட்டும், மூன்று சில்லுகள் வந்து சேருகிற இடத்தில், ஒரு துளை மிச்சம். விரல் நுழைகிற அளவு. மண் தள்ளும் இயந்திரத்தின் பல் பட்டது என்று அவரே முடிவு கட்டி, இயந்திரத்தையும் ஓட்டியவரையும் அவர் வம்சத்தையும் வைதுகொண்டே சாந்து வைத்து அடைத்தார். வண்ணமும் ஏற்றிவிட்டார். மாநிலத் தலைநகரான ஜெங்ஜௌவில் நடக்கவிருந்த கண்காட்சிக்கு அந்தக் கிண்ணம் தேர்வாயிற்று. படம் எடுத்தார்கள், சுவரொட்டியிலும் போட்டார்கள். அக்கா அந்தச் சுவரொட்டியைக் கைப்பேசியில் ஜெங்ஜௌவில் வேலை பார்க்கும் மகனுக்கு அனுப்பினார். மகன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் பொம்மை ஒன்றைப் பதிலாக அனுப்பினார். "இவ்வளவு நீளமா எழுதுவான் என் பையன்" என்று என்னிடம் காட்டினார்.

கண்காட்சி லாரி வருவதற்கு இரண்டு நாள் முன்னால் ரான் யீசின் குழியை முடித்துக்கொண்டு நிலையத்துக்கு வந்தார். பூட்ஸில் மண்ணோடு நேராக அலமாரிக்குப் போனார். கிண்ணத்தைக் கவிழ்த்தார். திருப்பினார். மறுபடி கவிழ்த்தார்.

"அக்கா, இதுல இருந்த ஓட்டை எங்க?"

"அடைச்சுட்டேனே!" என்றார் அக்கா, தட்டிக்கொடுக்கப்போகிறார்கள் என்று நினைத்து. "எங்க இருந்துச்சுன்னு கண்டுபிடி பாப்போம்."

"ஐயோ அக்கா."

"என்ன ஐயோ? ஓட்டையைக் காணோம்னு தேடிக்கிட்டு வர்ற ஆளை இன்னைக்குத்தான் பாக்கறேன்."

ரான் சிரிக்கவில்லை. உட்கார்ந்து சொன்னார். அது இயந்திரத்தின் பல் இல்லை. கிண்ணத்தைச் சுட்ட பிறகு கல்முனையால் வேண்டுமென்றே போட்ட துளை. ஒரு வீட்டுச் சுவரை ஒட்டி, வாசலுக்குப் பக்கத்தில், சின்னக் குழியில் ஒரு ஜாடி இருந்தது. ஜாடிக்குள் கைக்குழந்தை. ஜாடியின் வாயில் இந்தக் கிண்ணத்தைக் கவிழ்த்து மூடியிருந்தார்கள். அந்தக் காலத்து மக்கள் இறந்த பிள்ளைகளை அப்படித்தான் வைத்தார்கள், பல இடங்களில் கிடைத்திருக்கிறது. உயிர் போய்வர வழியாக மூடியில் துளை விட்டார்கள் என்று ஆய்வாளர்கள் எண்ணுகிறார்கள்.

"போய்வரன்னா?" என்றார் அக்கா.

"வெளிய போகவும் திரும்பி வரவும். அம்மா வீட்டுக்குள்ளதானே இருக்கா."

அக்கா கிண்ணத்தை வாங்கி அலமாரியில் வைத்தார். அன்று முழுக்கச் சில்லுகளைத் திட்டவில்லை. பொருந்தினால் என்னைக் கூப்பிடவில்லை. பூண்டு உரித்தபடி கிடந்தது. எங்கள் அறை இத்தனை பெரியது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் காலை வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் பெய் தலைவரின் அறைக்குப் போனார். நானும் ரானும் பின்னால் போனோம்.

"சாந்தை எடுக்கணும்" என்றார்.

பெய் பிளாஸ்க்கைக் கீழே வைத்தார். "நாளைக்கு லாரி. சாந்தை எடுத்தா அந்த மூணு சில்லையும் பிடிச்சுக்க எது இருக்கு? வெறும் பசை. சுவர் எவ்வளவு மெல்லிசுன்னு உங்களுக்கே தெரியும். உடைஞ்சா இப்படி இன்னொண்ணு எங்க கிடைக்கும்? படமும் போட்டாச்சு."

"உடையாது."

"உடைஞ்சா?"

"நான்தான் ஒட்டினேன், நான்தான் சொல்றேன்."

ரான் சமாதானத்துக்கு வந்தார். "அக்கா, தலைவர் சொல்றதும் சரிதான். கண்காட்சி முடிஞ்சு இலையுதிர் காலத்துல திரும்பி வரும். அப்ப நிதானமா எடுத்துடலாம். நான் விளக்கப் பலகையில துளை பத்தி எழுதிடறேன்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் என்ன அக்கா?"

"அதுவரைக்கும் உள்ள இருக்கறது எப்படி வெளிய வரும்?"

அறையில் யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம்தான். பெய் மெதுவாகச் சொன்னார், "உள்ள யாரும் இல்ல அக்கா. ஜாடி தனி, கிண்ணம் தனி. எலும்பெல்லாம் ஆய்வகத்துக்குப் போயாச்சு."

"அப்ப வெளிய இருக்குன்னு வெச்சுக்குங்க. திரும்பி வந்தா? கதவைச் சாத்தி, கதவே இல்லாத மாதிரி பூசியும் வெச்சிருக்கேன். சின்னது, அதுக்கு என்ன தெரியும்? சுத்திச் சுத்தி வந்துட்டு நிக்கும். நானே பக்கத்துல வந்து பாத்தாலும் தெரியாத மாதிரி பூசியிருக்கேன், பெய்."

பெயரைச் சொல்லி அவரை அக்கா கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எப்போதும் தலைவர்தான், கேலியாகவாவது. பெய் பிளாஸ்க்கை எடுத்தார். ஆட்டிப் பார்த்தார். அதில் தண்ணீர் நிறைய இருந்தது, சத்தம் எங்களுக்கே கேட்டது.

"வெந்நீர் தீந்துபோச்சு. பிடிச்சுக்கிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். வெந்நீர்க் குழாய் அடுத்த அறையில்தான் இருக்கிறது. அவர் சாயங்காலம்வரை திரும்பவில்லை.

வேலை மதியம் தொடங்கியது. கிண்ணத்தை மணல் தட்டில் கவிழ்த்து, சாந்தின் மேல் மட்டும் படும்படி ஈரப் பஞ்சை வைத்தார். ஊறியதும், பல் வைத்தியர்கள் வைத்திருப்பது போன்ற மெல்லிய கொக்கியால் நடுவிலிருந்து சுரண்டினார். கடுகளவு எடுப்பார், ஊதுவார், மறுபடி பஞ்சு. ரானால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை, வராந்தாவுக்குப் போய்விட்டார். நான் வரைவதுபோல உட்கார்ந்திருந்தேன். ஒரு கோடு போடவில்லை.

"கோட்டுக்காரா, என் மூத்தது பொண்ணு. தெரியுமா உனக்கு?"

தெரியாது. இத்தனை வருடம் எதிரெதிரே உட்கார்ந்து அவர் வீட்டு ஆடு குட்டி போட்டதுவரை எனக்குத் தெரியும். மகன் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன்.

"பொறந்து ஒரு மாசம் முடியல. அதுக்குள்ள போயிடுச்சு. மாசம் முடிஞ்சாத்தானே பேரு, அதனால பேரும் இல்ல." கொக்கி நிற்கவில்லை. "அப்படிப் போனதுக்கு எங்க பக்கத்துல குழி கிடையாது. குடும்ப இடுகாட்டுலயும் சேக்கமாட்டாங்க. மாமனார் வைக்கோல்ல சுத்திக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு மேட்டுப் பக்கம் போனார். திரும்பி வரும்போது கையை வீசிக்கிட்டு வந்தார். எந்தப் பள்ளத்துலன்னு நான் கேக்கல. கேக்கக் கூடாது. நான் பிள்ளை பெத்த படுக்கையில இருந்தேன். காத்து பட்டா ஆகாதுன்னு ஜன்னல், கதவுச் சந்து எல்லாத்தையும் பழந்துணி வெச்சு அடைச்சிருந்தாங்க. வெளிய பாக்கக்கூட வழியில்ல."

ஊதினார். வெள்ளைத் தூள் பறந்து அவர் புருவத்தில் படிந்தது.

"இந்தக் கிண்ணத்துக்காரியைப் பாரு. எந்தக் காலத்துக்காரி! தினைக் கஞ்சி குடிச்சுக்கிட்டு மண் தரையில படுத்துக் கிடந்தவ. வீட்டுல இருந்த நல்ல கிண்ணத்தை எடுத்திருக்கா. பூப்போட்டது. அதுல உக்காந்து பொறுமையா ஓட்டை போட்டிருக்கா, உடையாம. வாசல்கிட்டயே வெச்சுக்கிட்டிருக்கா. யாரும் அவளைக் கேக்கக் கூடாதுன்னு சொல்லல. அவ போட்ட ஓட்டையைப் போயி நான் அடைச்சேன். அதுவும் பெருமையா."

அவர் அழவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மூக்கில் சாந்துத் தூள் ஏறி இரண்டு தும்மல் போட்டார், அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில் கிண்ணம் 'டிக்' என்றது.

அக்காவின் இடது உள்ளங்கை நொடியில் கிண்ணத்தின் மேல் போய்க் கவிந்தது. மூன்று சில்லுகளில் ஒன்று பசை விட்டிருந்தது. அதை நகரவிடாமல் அழுத்திக்கொண்டு, வலது கையால் விரிசலில் புதுப் பசையைச் சொட்டு வைத்தார். பிறகு இரண்டு கையையும் குவித்துக் கிண்ணத்தை மூடிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். பசை இறுகும்வரை அசையக் கூடாது.

"அக்கா, நான் பிடிச்சுக்கட்டுமா?"

"உன் கை ஜில்லுனு இருக்கும். இதுக்குச் சூடு வேணும்."

மதியச் சாப்பாடு என்று வாங்கி வந்திருந்த நூடுல்ஸ் பக்கத்தில் ஊறிக் கூழாகிக்கொண்டிருந்தது. ரான் உள்ளே வந்து, நிலைமையைப் பார்த்து, நூடுல்ஸை எடுத்து அக்காவுக்கு ஊட்டினார். அக்கா நாலு வாய் வாங்கினார். ஐந்தாவது வாய்க்கு முகத்தைத் திருப்பி, "பூண்டு இல்லாம என்ன சாப்பாடு இது, வைக்கோல் மாதிரி" என்றார். ரான் பூண்டு உரித்தார். பிறகு, வழக்கம்போலத் தள்ளிப் போகாமல், அக்காவின் பக்கத்திலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

கையை எடுத்தபோது வெயில் சுவருக்கு ஏறியிருந்தது. கிண்ணம் நின்றது. அடியில் துளை, அதன் ஓரத்தில் கல்முனை சுற்றிச் சுற்றித் தேய்த்த பழைய கீறல்கள். சாந்துக்கு அடியில் அவை அப்படியே இருந்தன. அக்கா கீறல்களை மட்டும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கோணலா, நேரா, போட்டவளுக்கு அன்றைக்கு வீட்டில் என்ன என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பெய் வாசலில் வந்து நின்றார். எட்டிப் பார்த்தார். "சுவரொட்டியில பக்கவாட்டுலதான் படம் எடுத்திருக்காங்க" என்றார் யாரிடமும் இல்லாமல். "அடி தெரியாது. மாத்த வேண்டியதில்ல."

காலையில் லாரி வந்தது. கூடவே லுவோயாங்கிலிருந்து பெட்டி கட்டுகிறவர் ஒருவர், காதில் பென்சில் செருகி, கையில் டிரில்லோடு வந்த, தொழில் தெரிந்த ஆள். மரப்பெட்டிக்குள் பஞ்சுமெத்தை போட்டுக் கிண்ணத்தைக் கவிழ்த்து உட்கார்த்தினார். சுற்றிலும் மெல்லிய தாளைத் திணித்தார். கொஞ்சம் தாளைக் கசக்கி உருட்டி, இப்போது மேலே வந்திருந்த அடிப்பாகத்துத் துளையிலும் வைத்தார்.

அக்காவின் கை அதை உடனே வெளியே எடுத்தது.

"தூசி போகும்மா" என்றார் பெட்டிக்காரர்.

"போகட்டும்."

"வழியெல்லாம் மண் ரோடு. திறந்து விட்டா உள்ள பூரா..."

"அதுவே மண்ணுதான். போகட்டும்ங்கறேன்ல."

பெட்டிக்காரர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டுத் துளையை மட்டும் விட்டுச் சுற்றிலும் தாள் வைத்தார். மூடிப் பலகையை எடுத்தார். அக்கா அதை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டார். பெட்டியின் மேல் பிடித்து, உள்ளே கிண்ணத்தின் துளை எங்கே வருகிறது என்று கண்ணால் அளந்து, நகத்தால் ஒரு கீறல் போட்டார். பலகையை என் மேசைக்குத் தூக்கி வந்தார். என் வரைதாளின் மேலேயே வைத்தார்.

"அந்த டிரில்லைக் கொடுங்க."

"என்னம்மா பண்றீங்க? புதுப் பெட்டி!"

டிரில் உறுமியது. மரத்தூள் என் தாளெல்லாம் கொட்டியது. பெய் தலைவர் பிளாஸ்க்கைப் பிடித்தபடி ஜன்னலுக்கு வெளியே எதையோ மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பலகையில் துளை விழுந்ததும் அக்கா அதை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கி, ஒற்றைக் கண்ணால் பார்த்தார். ஊதினார். பிறகு சுண்டுவிரலை உள்ளே விட்டு ஓரத்தைச் சுற்றி மெல்லத் தடவினார். ஒரு இடத்தில் விரல் நின்றது. சிறு சிலாம்பு. அதை நகத்தால் கிள்ளி எடுத்துவிட்டு, அந்த இடத்தை இன்னொரு முறை தடவினார்.